மொண்ணை விளிம்புத் தட்டே நமக்கு ஏற்ற தட்டு!

(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவர்)



"பறக்கும் தட்டு" என்றவுடன் நம்மில் பலருக்கு வேற்றுக் கிரகத்து மனிதர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நான் எழுத வந்தது அந்தத் தட்டைப் பற்றி அல்ல. கையால் வீசி, கையால் பிடிக்கிற பிளாஸ்டிக் தட்டைப் பற்றி. நம் சங்கத்தின் விளையாட்டு நிதியிலிருந்து இந்த வருஷம் இப்படிச் சில தட்டுகள் வாங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. எந்தத் தட்டு வாங்குவது என்பதில்தான் இரண்டு கட்சி. "நல்ல ஸ்பீடா போற தட்டா வாங்குங்கப்பா" என்பது ஒரு கட்சி. மெதுவாகப் போகும், விளிம்பு மொண்ணையாக இருக்கும் தட்டுதான் வேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. அதற்கான காரணங்களை, வகுப்பில் படித்ததையும் பட்டறையில் கற்றதையும் வைத்து, இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். வீட்டில் எதை வாங்கினாலும், மருந்து மாத்திரையானாலும் சரி, மிக்ஸியானாலும் சரி, "நீ படிச்சவன், என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு" என்று என் கையில் கொடுத்துவிடுவார்கள். அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் மேல் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் படிக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இந்தத் தட்டுகளின் மேலும் எண்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தட்டு பிறந்த கதை

இந்தத் தட்டின் தாயகம் அமெரிக்கா. ஃபிரெட் மாரிசன் என்பவர் 1937-ல் ஒரு பாப்கார்ன் டப்பாவின் மூடியை வீசி விளையாடினார். மூடி நசுங்கிப்போகவே, கேக் சுடும் தகரத் தட்டை எடுத்துக்கொண்டார். 1938-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையில் அவர் விளையாடுவதைப் பார்த்த ஒருவர், அந்தத் தட்டை 25 சென்ட்டுக்குக் கேட்டாராம். கடையில் அதன் விலை 5 சென்ட்! இதில் வியாபாரம் இருக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது.

இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்துவிட்டுத் திரும்பிய மாரிசன், 1948-ல் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து பிளாஸ்டிக்கில் தட்டு செய்தார். 1955-ல் அதைத் திருத்தி "புளூட்டோ பிளாட்டர்" என்ற தட்டைக் கொண்டுவந்தார். 1957 ஜனவரி மாதம் வாம்-ஓ என்ற நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. அதே ஆண்டில் "ஃபிரிஸ்பீ" என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் இருந்த ஃபிரிஸ்பி பை கம்பெனியின் தகரத் தட்டுகளை மாணவர்கள் வீசி விளையாடி வந்ததிலிருந்து வந்த பெயர் அது.

அடுத்து எட் ஹெட்ரிக். 1964-ல் வாம்-ஓவில் சேர்ந்த இவர், தட்டின் மேற்புறத்தில் வட்ட வட்டமாக மேடு வைத்துத் தட்டு ஆடாமல் பறக்கச் செய்தார். 1967 டிசம்பரில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கும் பல தட்டுகளின் முதுகில் நாம் பார்க்கும் அந்த வரிவரியான வளையங்களுக்கு அவர் பெயரே வழங்குகிறது. விளையாட்டுப் பொம்மையாக இருந்த தட்டை விளையாட்டுக் கருவியாக்கியவர் அவர் என்று சொல்லலாம்.

டிஸ்க் கோல்ஃப் என்றால் என்ன?

கோல்ஃப் விளையாட்டில் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் விழவைப்பார்கள். டிஸ்க் கோல்ஃபில் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. கூடைக்கு மேல் சங்கிலிகள் தொங்கும். தட்டு சங்கிலியில் பட்டு, வேகம் அடங்கி, கூடையில் விழும். தொடங்கும் இடத்திலிருந்து வீச வேண்டும். தட்டு எங்கே விழுந்ததோ அங்கிருந்து அடுத்த வீச்சு. குறைந்த வீச்சில் முடிப்பவர் வெற்றி பெற்றவர். பொதுவாக 9 அல்லது 18 கூடைகள் இருக்கும்.

இதற்கென்றே நிரந்தரமாக அமைந்த முதல் மைதானம், 1975-ல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் ஹெட்ரிக் அமைத்தது. முதலில் அங்கே கூடை கிடையாது. வெறும் கம்பங்கள்தான். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று சண்டை வருமாம். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் சங்கிலிக் கூடை வந்தது. 1976-ல் பிடிஜிஏ என்ற சங்கத்தையும் அவரே தொடங்கினார். தட்டின் அளவு, எடை, விளிம்பு எல்லாவற்றுக்கும் விதி வகுப்பது இன்றும் அந்தச் சங்கம்தான். ஹெட்ரிக் 2002-ல் காலமானார். அவருடைய ஆசைப்படி அவருடைய அஸ்தியைக் கலந்தே சில தட்டுகளை வார்த்தார்கள் என்றால், மனிதர் இதில் எவ்வளவு ஊறியிருந்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

இன்று அமெரிக்காவில் மட்டுமல்ல, பின்லாந்து, எஸ்டோனியா போன்ற நாடுகளிலும் இந்த விளையாட்டு பரவியிருக்கிறது. உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மைதானங்கள் இருக்கின்றன.

விளிம்பு கூரான கதை

1983 வரை டிஸ்க் கோல்ஃபுக்கும் பிடித்து விளையாடவும் ஏறக்குறைய ஒரே ஜாதித் தட்டுதான். வட்டமான, மொத்தையான, மொண்ணை விளிம்பு. அந்த வருஷம் டேவ் டுனிபேஸ் என்பவர், விளிம்பைச் சரிவாகச் செதுக்கினாற்போல ஒரு தட்டைக் கொண்டுவந்தார். இன்னோவா நிறுவனத்தின் "ஈகிள்" அது.

நம் பட்டறைப் பாஷையில் சொன்னால், அதுவரை விளிம்பில் இருந்தது ரேடியஸ். இவர் வைத்தது சாம்ஃபர். சரிவான விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். காற்றுத் தடை குறைவு, தூரம் அதிகம். அன்றிலிருந்து தட்டுகள் பல வகையாகப் பிரிந்துவிட்டன. கூடைக்குப் பக்கத்தில் நின்று போடுவதற்குப் "பட்டர்", நடுத்தூரத்துக்கு "மிட்ரேஞ்ச்", தூரத்துக்கு "டிரைவர்". டிரைவரில் விளிம்பு கூர்மை. பட்டரில் மொண்ணை.

இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. எல்லாத் தட்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். டிரைவர் இன்னும் பளபளப்பாக இருக்கும். விவரம் தெரியாத ஆள் கையை நீட்டுவது அதன் மேல்தான்.

தட்டு ஏன் பறக்கிறது?

இரண்டே விஷயம். ஒன்று தூக்கு விசை. தட்டு லேசாகத் தலை நிமிர்ந்து முன்னே போகும்போது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று தட்டை மேலே தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். தட்டின் பரப்பளவு கூடினாலும் விசை கூடும்.

இரண்டாவது சுழற்சி. ஓடுகிற சைக்கிள் சக்கரம் சாயாமல் நிற்பது போல, சுழலுகிற தட்டு கவிழாமல் நிற்கிறது. சுழலாத தட்டை வீசிப் பாருங்கள், பத்தடியில் குப்புற விழும்.

வலதுகைக்காரர் வழக்கமான முறையில், கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசும்போது, மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகாரம் சுற்றும் திசையில் சுழலும். வேகம் குறையக் குறையத் தூக்கு விசை தட்டின் முன்பாதியில் கூடுதலாகச் செயல்பட்டு, மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். ஆனால் சுழலும் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் 90 டிகிரி தள்ளி இன்னொரு பக்கம் அது சாயும். ஆகவே மூக்கு தூக்குவதற்குப் பதில் தட்டு இடது பக்கம் சாய்ந்து, இடது பக்கமாக இறங்கும். இடதுகைக்காரருக்கு இதற்கு நேர்மாறு. கடைசியில் தட்டு "வளைஞ்சு போயிடுச்சு" என்று நாம் சொல்வது இதைத்தான்.

நான்கு எண்கள்

பல கோல்ஃப் தட்டுகளின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் ஸ்பீடு. இரண்டாவது கிளைடு, அதாவது மிதக்கும் திறன். மூன்றாவது டர்ன், ஆரம்ப வேகத்தில் எந்த அளவு வலது பக்கம் சாயும் என்பது. நான்காவது ஃபேடு, கடைசியில் எந்த அளவு இடது பக்கம் இறங்கும் என்பது. (வலதுகைக்காரரை வைத்துச் சொல்லும் கணக்கு இது.)

இதில் எல்லாரும் ஏமாறுவது முதல் எண்ணில். ஸ்பீடு 12 என்றால் அந்தத் தட்டு வேகமாகப் போகும் என்று அர்த்தம் இல்லை. அவ்வளவு வேகத்தில் வீசினால்தான் அது ஒழுங்காகப் பறக்கும் என்று அர்த்தம். அதாவது அது தட்டு நமக்குக் கொடுக்கும் வேகம் அல்ல, தட்டு நம்மிடம் கேட்கும் வேகம்! கடனுக்கு வட்டி மாதிரி. கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உதாரணத்துக்கு இரண்டு தட்டுகள். இன்னோவாவின் "ஏவியார்" என்ற பட்டரின் எண்கள் 2, 3, 0, 1. அதே நிறுவனத்தின் "டெஸ்ட்ராயர்" என்ற டிரைவரின் எண்கள் 12, 5, -1, 3. இரண்டுக்கும் விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், 21 செ.மீ. சொச்சம். ஆனால் விளிம்பின் அகலம் ஏவியாரில் சுமார் 0.9 செ.மீ., டெஸ்ட்ராயரில் சுமார் 2.2 செ.மீ. பழகாத கையால் டெஸ்ட்ராயரை வீசினால், அது கேட்ட வேகம் கிடைக்காமல், கொஞ்ச தூரத்திலேயே "சர்"ரென்று இடது பக்கம் திரும்பிக் குத்திட்டு இறங்கும். அதே கையால் ஏவியாரை வீசினால் நேராகப் போய் மெதுவாக உட்காரும். பல சமயம் புதியவருக்கு மெதுவான தட்டுதான் கூடுதல் தூரம் போகும். இது முரண்பாடு போலத் தெரிந்தாலும் உண்மை.

இன்னோவாவின் "போல்கேட்" போன்ற ஸ்பீடு 1 தட்டுகளும் உண்டு. எண்கள் 1, 3, 0, 0. இடமும் சாயாது, வலமும் சாயாது. ஆரம்பப் பள்ளிக் குழந்தைக்கு அகர வரிசை மாதிரி இது.

ஒரு சின்னக் கணக்கு

பிடித்து விளையாடுவதற்கென்று உள்ள தட்டு இன்னும் பெரியது. "அல்டிமேட்" என்ற குழு விளையாட்டு 1968-ல் நியூ ஜெர்சியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பிறந்தது. அதற்குப் பயன்படும் தட்டு 175 கிராம். டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் "அல்ட்ரா ஸ்டார்" இதில் பேர்போனது. அதன் விட்டம் 27.3 செ.மீ. இப்போது அதே 175 கிராம் எடையுள்ள, 21.2 செ.மீ. விட்டமுள்ள பட்டரோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பெரிய தட்டின் பரப்பு சுமார் 585 சதுர செ.மீ. சின்னத் தட்டின் பரப்பு சுமார் 353 சதுர செ.மீ. இரண்டும் தாங்க வேண்டிய எடை ஒன்றே, சுமார் 1.72 நியூட்டன். தூக்குக் குணகத்தை ஒரு மாதிரிக்கு 0.5 என்றும், காற்றின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோ என்றும் எடுத்துக்கொள்வோம். தட்டு கீழே இறங்காமல் மிதக்கத் தேவையான வேகம்:

பெரிய தட்டு: நொடிக்கு சுமார் 9.9 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ.

சின்னத் தட்டு: நொடிக்கு சுமார் 12.7 மீட்டர், அதாவது மணிக்கு 46 கி.மீ.

மணிக்கு 10 கி.மீ. வித்தியாசம்! பெரிய தட்டு அவ்வளவு மெதுவாக வந்தாலும் விழாமல் மிதக்கும். ஓடிப் போய்ப் பிடிக்க நேரம் கிடைக்கும். அதோடு, எடை விளிம்பில் இருப்பதால் நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 27.3-ஐ 21.2-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.66. ஆகவே அதே வேகத்தில் சுழற்றினால் பெரிய தட்டு ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் உறுதியாக நிற்கும். எந்திர விசையியல் தாளில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் மைதானத்தில் வேலை செய்வதைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வருகிறது பாருங்கள், அது தனி.

விளிம்பும் விரலும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் விடுதி அண்ணன் ஒருவருக்கு, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தார். அசல் டிரைவர். ஸ்பீடு 12. சாயங்காலம் பசங்க எல்லாரும் சுற்றி நின்று அதை வீசிப் பிடித்து விளையாடினார்கள். முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் ஓடிவந்து பிடித்தபோது, விளிம்பு அவன் வலது கை நடுவிரலில் நேராக வந்து அடித்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் விரல் வீங்கிப்போய், பத்து நாள் அவனால் ஃபைல் பிடிக்க முடியவில்லை. ஃபிட்டிங் செய்முறைத் தேர்வு அடுத்த வாரம். "வெளயாடப் போயி கையக் கெடுத்துக்கிட்டேன்னு ஊர்ல எப்படிண்ணே சொல்லுவேன்?" என்று அவன் கேட்டது எனக்கு மறக்கவில்லை. அவன் வீட்டிலும் அவன்தான் முதல் பட்டயப் படிப்பு.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு விரல் வீங்கினால் அது விரல் வீக்கம். நம் மாதிரி ஆட்களுக்கு அது தேர்வு, அப்ரண்டிஸ், சம்பளம் எல்லாம். எங்க அப்பா அடிக்கடி சொல்லுவார்: "கரண்டியப் புடிக்கிற கை நல்லா இருந்தாத்தான்டா கஞ்சியக் குடிக்கிற கைக்கு வேலை." நாளைக்கு நாம் பிடிக்கப்போவது வெர்னியரோ, வெல்டிங் ஹோல்டரோ, எதுவானாலும் கையால்தான்.

இதையே கணக்காகப் பார்க்கலாம். 175 கிராம் தட்டு மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 17 ஜூல். ஒரு கிலோ சுத்தியல் ஒன்றே முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நன்றாகப் பழகியவர் டிரைவரை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வீசுவார். அப்போது ஆற்றல் நான்கு மடங்கு, சுமார் 67 ஜூல். அதே சுத்தியல் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுகிற மாதிரி.

இது ஆற்றல் மட்டும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. விளிம்பு கூராக ஆக, விரலில் படும் பரப்பு குறையும், அழுத்தம் ஏறும். உளிக்கும் சுத்தியலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பிடிஜிஏ விதிப்படி எந்தத் தட்டின் முன்விளிம்பின் ஆரமும் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நம் அளவையியல் ஆய்வகத்தில் ரேடியஸ் கேஜ் இருக்கிறது. 1.6-க்குப் பக்கத்து இலையை எடுத்துப் பாருங்கள், எவ்வளவு சின்ன வளைவு என்று புரியும். போட்டியில் அதற்கு அனுமதி உண்டு. ஏனென்றால் டிஸ்க் கோல்ஃபில் தட்டைப் பிடிப்பது கூடைதான், மனிதன் அல்ல. முன்னால் ஆள் இருந்தால் வீசவே கூடாது என்பது அந்த விளையாட்டின் முதல் ஒழுக்கம்.

பட்டறையில் வேலையை முடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், சார் முதலில் கேட்பது "எட்ஜை உடைச்சியா?" என்பதுதான். அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கூர் முனையை ஃபைலால் மழுக்காமல் கொடுத்தால் மார்க்கு போச்சு. அடுத்தவன் கையில் எடுக்கிற பொருளில் கூர் இருக்கக் கூடாது என்பது நம் தொழில் தர்மம். தட்டுக்கும் அதே தர்மம்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. எண்: நான்கு எண்ணில் முதல் எண் 1, 2 அல்லது 3 ஆக இருக்கட்டும். கடைசி எண் 0 அல்லது 1 போதும். 9, 10, 12 என்றெல்லாம் இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். பிடித்து விளையாடும் பெரிய தட்டில் பெரும்பாலும் இந்த எண்கள் இருக்காது. அங்கே எடையையும் விட்டத்தையும் பாருங்கள்.

2. விளிம்பின் அகலம்: தட்டைத் திருப்பி, விளிம்பின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை அளவிடுங்கள். 1 செ.மீ.யை ஒட்டி இருந்தால் நல்லது. 2 செ.மீ. என்றால் டிரைவர். அகலமான விளிம்பை மடக்கிப் பிடிக்கச் சின்னக் கைக்கு முடியாது. வழுக்கும், திசை மாறும்.

3. முன்விளிம்பு: கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். கோடு போலக் குத்தினால் வேண்டாம். மொத்தையாக, குழாயை அழுத்துவது போல இருந்தால் சரி.

4. எடை: கோல்ஃப் தட்டுகளில் அடிப்பக்கம் பேனாவால் கிராம் எழுதியிருப்பார்கள். விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 21.2 செ.மீ. தட்டுக்கு அது சுமார் 176 கிராம். நமக்கு அந்த உச்ச எடை தேவையில்லை, 150 முதல் 170 கிராம் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் இலேசானது நல்லது. டிஸ்கிராஃப்டின் "ஜே ஸ்டார்" சிறுவர்களுக்கென்றே 145 கிராமில் வருகிறது.

5. வளையும் தன்மை: இரண்டு கையாலும் எதிரெதிர் விளிம்பைப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். மரக்கட்டை மாதிரி இருந்தால் அடி பலமாக விழும். பிளாஸ்டிக்கில் விலை கூடியது, குறைந்தது என்று உண்டு. விலை கூடியது பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை. நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சில வகை விறைப்பாக இருக்கும். ஆரம்பத்துக்கு விலை குறைந்த மெத்தென்ற வகையே போதும். பிடிமானமும் அதில்தான் நன்றாக இருக்கும்.

6. பிசிறு: அச்சில் வார்க்கும்போது இரண்டு அச்சும் சேரும் இடத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். நாம் ஃபிளாஷ் என்று படித்தது. திருவிழாக் கடைத் தட்டுகளில் இது பிளேடு மாதிரி இருக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள். நல்ல தட்டிலும் கொஞ்சம் இருந்தால், நைஸான உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். வார்ப்புப் பிசிறை இப்படி நீக்க விதியும் இடம் கொடுக்கிறது.

7. நிறம்: பச்சையும் பழுப்பும் வேண்டாம். புல்லில் போய் ஒளிந்துகொள்ளும். மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு நல்லது.

திருவிழாக் கடைத் தட்டும் மெதுவானதுதானே, அதையே வாங்கினால் என்ன என்று கேட்கலாம். அது ரொம்ப இலேசு. காற்றடித்தால் நம் பேச்சைக் கேட்காது, காற்றின் பேச்சைத்தான் கேட்கும். விளிம்பில் எடை இல்லாததால் சுழற்சியும் சீக்கிரம் அடங்கிவிடும். ஆகவே மெதுவான தட்டு என்றால் மட்டமான தட்டு என்று பொருள் அல்ல.

வீசுவதும் பிடிப்பதும்

வீசும்போது நான்கு விரல் விளிம்புக்கு உள்ளே, கட்டைவிரல் மேலே. தட்டு தரைக்குச் சமமாக இருக்கட்டும். பலத்தைவிட மணிக்கட்டின் சுண்டல் முக்கியம். மெதுவான தட்டில் இன்னொரு நன்மை, நம் குறையை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். மணிக்கட்டு ஆடினால் தட்டும் ஆடும். ஆகவே அது ஒரு வாத்தியார் மாதிரி. அமெரிக்காவில் பழகிய ஆட்டக்காரர்களே கூடச் சில நாள் பட்டர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மைதானம் முழுவதும் ஆடுவார்களாம், வீச்சைச் சரிசெய்துகொள்ள.

பிடிக்கும்போது ஒரு கையால் பாயாதீர்கள். ஒரு உள்ளங்கை மேலே, ஒரு உள்ளங்கை கீழே, சப்பாத்தியைத் தட்டுவது போல நடுவில் பிடியுங்கள். விளிம்பு விரல் நுனியில் மோதாது. வெளிச்சம் மங்கினால் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

கூடைக்கு நிதி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஓக் குரோவ் பூங்காவிலேயே முதலில் கம்பம்தான் இருந்தது என்று மேலே பார்த்தோம். ஒரு மரத்தின் தண்டில் சாக்கைச் சுற்றிவிட்டால் அதுவே இலக்கு. தட்டு பட்டால் முடிந்தது. நம் வெல்டிங் பிரிவு நண்பர்கள் மனது வைத்தால், பழைய சைக்கிள் ரிம்மும் கொஞ்சம் சங்கிலியும் வைத்து ஒரு கூடையே செய்துவிடலாம். மெதுவாக வரும் மொண்ணைத் தட்டு சங்கிலியில் சிக்கி நிற்கும். வேகமாக வரும் தட்டு பட்டுத் தெறித்துப் போய்விடும். பட்டருக்குக் கூடைப் பக்கத்து வேலையைக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முடிவாக

வேகம் கூடாது என்று நான் சொல்லவில்லை. டிரைவர் தட்டு ஒரு அருமையான பொறியியல் சாதனை. பழகிய கையும், ஆளில்லாத நீண்ட மைதானமும் இருக்கிற இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு. நம் மைதானத்தில் ஒரு பக்கம் வாலிபால் நடக்கும், இன்னொரு பக்கம் முதலாம் ஆண்டுப் பசங்க உட்கார்ந்து படிப்பார்கள், நடுவில் சைக்கிள் போகும். இந்த இடத்துக்கு எந்தத் தட்டு பொருந்தும் என்பதுதான் கேள்வி. ஒரு எந்திரத்துக்குப் பாகம் தேர்ந்தெடுக்கும்போது "எது பெரியது, எது வேகமானது" என்றா பார்க்கிறோம்? எங்கே போடப்போகிறோம், எவ்வளவு சுமை, யார் இயக்குவது என்றுதானே பார்க்கிறோம்!

சென்னைக் கடற்கரையில் இன்று எத்தனையோ இளைஞர்களும் பெண்களும் ஒரே அணியில் சேர்ந்து அல்டிமேட் ஆடுகிறார்கள். நடுவர் கிடையாது. தவறு நடந்தால் ஆட்டக்காரர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. அவர்கள் கையில் இருப்பதும் 175 கிராம் மொண்ணை விளிம்புத் தட்டுதான்.

ஆகவே சங்கப் பொறுப்பாளர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: ஐந்து பெரிய தட்டு, ஐந்து பட்டர். முதல் வருஷத்துக்கு இது போதும். வாங்கும் அண்ணன்மார்கள் கடைக்குப் போகும்போது பையில் ஒரு வெர்னியரைப் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அளந்து வாங்குவது நம் படிப்பு. பத்திரமாக விளையாடி, மறுநாள் பத்து விரலோடும் பட்டறைக்கு வருவது நம் கடமை.